கூட்டம் கலைகிறது, அழைப்பவர் இருக்கிறார்: மூட்டுச்சவ்வு இராட்சத செல் கட்டியின் மூலக்கூறு இயக்கமும் மருத்துவமும்

மூட்டின் உட்சவ்விலும் தசைநாண் உறையிலும் தோன்றும் இராட்சத செல் கட்டிக்கான மருந்துகளைப் புற்றுநோயியலின் அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகிறோம். எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி சுருங்கினால் வெற்றி என்கிறோம். உயிரை அரிதாகவே பறிக்கும், ஆனால் மூட்டை முடக்கும் இந்நோய்க்கு அந்த அளவுகோல் மட்டும் போதாது. அதற்கான காரணம் கட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது.

1941இல் ஜாஃபே, லிக்டன்ஸ்டைன், சுட்ரோ மூவரும் இதை அழற்சியாகவே விவரித்தனர். ஹீமோசிடெரின் படிந்து பழுப்பேறிய, அழற்சி செல்கள் நிறைந்த திசுவை வேறெப்படிக் கருதியிருக்க முடியும்? 2006இல் வெஸ்ட் குழுவினரின் ஆய்வு காட்சியை மாற்றியது. பல கட்டிகளில் 1ஆம் குரோமோசோமிலுள்ள சி.எஸ்.எஃப்.1 மரபணு, 2ஆம் குரோமோசோமின் கொலாஜன் மரபணு ஒன்றுடன் இணைந்திருந்தது. அந்த இணைவைச் சுமந்தவையோ 2 முதல் 16 விழுக்காடு செல்கள்தாம். அவை மிகையாகச் சுரக்கும் புரதம், அதற்குரிய ஏற்பியைக் கொண்ட மேக்ரோஃபேஜ்களை ஈர்க்கிறது. கட்டியின் பருமனில் பெரும்பகுதி இப்படி வந்து சேர்ந்த கூட்டமே. அழற்சி என்ற பழைய கணிப்பும் முழுப் பிழையன்று. பின்வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: இணையும் மரபணு எதுவாயினும், சி.எஸ்.எஃப்.1இன் வால்பகுதியில் உள்ள கட்டுப்பாட்டுத் தொடர்கள் அறுபடுவதே மிகைச் சுரப்புக்கு வழிவிடுகிறது.

ஏற்பியைத் தடுக்கும் பெக்ஸிடார்டினிப், 120 பேரிடம் நடந்த சோதனையில் 25ஆம் வாரத்தில் 39 விழுக்காட்டினரிடம் கட்டியைச் சுருக்கியது. போலி மருந்துக் குழுவில் ஒருவரிடமும் சுருங்கவில்லை. 2019இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. கல்லீரல் பாதிப்பை முன்னிட்டு 2020இல் ஐரோப்பிய மருந்து முகமை மறுத்தது. ஒரே தரவு, இரு தீர்ப்புகள். உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்பதில்தான் வேறுபாடு. ஐரோப்பாவின் தயக்கமே எனக்கு நியாயமாகப் படுகிறது.

கல்லீரல் நொதிகள் உயர்வதெல்லாம் ஒரே பொருளுடையதல்ல. இரத்தத்திலிருந்து அந்நொதிகளை அகற்றும் கூஃபர் செல்களும் இதே ஏற்பியை நம்பி வாழ்பவை. அவை குறைந்தால் கல்லீரல் சிதையாமலேயே அளவு கூடும். பித்தத் தேக்கத்துடன் வரும் பாதிப்போ வேறு, கொடியது. ஏற்பியை மேலும் குறிவைத்துத் தடுக்கும் விம்செல்டினிப்பின் சோதனையில் அது காணப்படவில்லை. கட்டி 40 விழுக்காட்டினரிடம் சுருங்கியது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதலும் கிடைத்தது.

ஆனால் இம்மருந்துகள் கலைப்பது கூட்டத்தை. அழைக்கும் செல்கள் எஞ்சுகின்றன என்றே கொள்ளவேண்டும். எனவே சுருக்கத்தைக் குணம் எனக் கொள்ளலாகாது. நிறுத்தியபின் கட்டி மீண்டும் வளருமா என்று கண்காணிப்பது கட்டாயம். ஓரிடத்தில் ஒதுங்கிய கட்டிக்கு அறுவை மருத்துவமே பெரும்பாலும் போதும். பரவிய வகை, அறுத்தபின்னும் அடிக்கடி திரும்புவது. அறுவையால் பயனில்லாத, வலியும் விறைப்பும் மிகுந்த நோயாளிக்கே மருந்து உரியது. இனி வரும் சோதனைகள் மூட்டின் அசைவையும் வலியையும் முதன்மை முடிவாகக் கொள்ளவேண்டும். படத்தின் அளவு இரண்டாம் இடத்தில் இருக்கட்டும்.