பொம்மை ரயிலும் வடசென்னை ரயில்வே கேட்டும்

"கேட் போட்டாச்சு" என்ற வார்த்தையை வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ராயபுரம், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஊரையே இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது ரயில் பாதை. துறைமுகத்துச் சரக்கு வண்டி, கும்மிடிப்பூண்டி மின்சார ரயில், வடக்கே போகும் எக்ஸ்பிரஸ், எது வந்தாலும் கேட் விழும். லாரியும் சைக்கிளும் மீன்பாடி வண்டியும் வரிசை கட்டி நிற்கும்.

ரயில் வருவது கேட்டுக்கு எப்படித் தெரிகிறது? இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய பொம்மையில் இருந்து தொடங்குவது எளிது.

குடிசைக்குள் இருந்து வரும் கேட் கீப்பர்

நியூயார்க்கில் 1900-ஆம் ஆண்டு ஜோஷுவா லயனல் கோவன் தொடங்கிய நிறுவனம் லயனல். மின்சாரப் பொம்மை ரயில்களில் உலகப் புகழ் பெற்ற பெயர் இது. இந்த நிறுவனம் 1935-ல் ஒரு கேட் கீப்பர் பொம்மையை வெளியிட்டது. பாதை ஓரத்தில் ஒரு சின்னக் குடிசை. ரயில் நெருங்கியதும் கதவு திறக்கும், கையில் விளக்குடன் கேட் கீப்பர் வெளியே வருவார். ரயில் கடந்ததும் உள்ளே போய்விடுவார்!

உள்ளே இருப்பது ஒரு மின்காந்தச் சுருள்தான். அதற்குச் சரியான நேரத்தில் மின்சாரம் கொடுப்பதில்தான் வித்தை இருக்கிறது. அதற்கு இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி எடை. தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுவிட்சை வைப்பார்கள். ரயிலின் எடை அழுத்தும்போது இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும். வண்டியின் எடைக்கு ஏற்ப ஒரு திருகைத் திருகி ஸ்பிரிங்கைச் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாவது வழி இன்னும் அழகானது. லயனல் பாதையில் மூன்று தண்டவாளங்கள் உண்டு. நடுத் தண்டவாளத்தில் மின்சாரம் வரும், ஓரத்தில் உள்ள இரண்டின் வழியாகத் திரும்பிப் போகும். ஓரத் தண்டவாளம் ஒன்றில் ஒரு துண்டை மட்டும் மின்சாரம் கடத்தாதபடி தனியாகப் பிரித்து, கேட் கீப்பரின் ஒரு ஒயரை அதில் இணைப்பார்கள். இன்னொரு ஒயர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். ரயில் அந்தத் துண்டுக்கு வந்ததும் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு ஓரத் தண்டவாளங்களையும் இணைத்துவிடும். சுற்று முழுமையாகும், கதவு திறக்கும். அதாவது ரயிலேதான் சுவிட்ச்!

இரண்டே தண்டவாளம் உள்ள பொம்மை ரயில்களில் இந்த வழி சரிப்படாது. ஒரு பக்கச் சக்கரம் மறுபக்கத்தில் இருந்து மின்சாரம் கடத்தாதபடி பிரிக்கப்பட்டிருக்கும். அதற்காக வண்டியின் அடியில் ஒரு காந்தத்தை ஒட்டி, பாதையில் ரீட் சுவிட்ச் வைக்கிறார்கள். அதன் மெல்லிய தகடுகள் சுருளுக்குத் தேவையான மின்சாரத்தைத் தாங்காது என்பதால் நடுவில் ஒரு ரிலே தேவைப்படும்.

ராபின்சன் கண்ட ஓட்டை

இந்த யோசனை பொம்மைக்காரர்களுடையது மட்டும் அல்ல. ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியபோது, ரயில் எங்கே இருக்கிறது என்பதை மனிதர்கள்தான் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். தண்டவாளமே சொல்லும் முறை பிறகுதான் வந்தது.

அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் ஒரு தானியங்கி சிக்னலை முதலில் ஒரு மாதிரியாகத்தான் செய்தார். 1870-ல் நியூயார்க் கண்காட்சியில் அதை வைத்தார். அதே ஆண்டு பென்சில்வேனியாவின் கின்சுவாவில் நிஜப் பாதையிலும் பொருத்தினார். சக்கரம் ஒரு நெம்புகோலை அழுத்தும், சிக்னல் மாறும். லயனலின் முதல் வழியும் கிட்டத்தட்ட இதுதான்.

ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒயர் அறுந்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ ரயில் வருவதே தெரியாது. சிக்னல் "பாதை காலி" என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

அதனால் ராபின்சன் யோசனையைத் தலைகீழாக்கினார். 1872-ல் அவர் காப்புரிமை பெற்ற முறையில் தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் ஓடும். ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே. ரயில் வந்ததும் அதன் அச்சு மின்சாரத்தைக் குறுக்கே திருப்பிவிடும். ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். ஒயர் அறுந்தாலும், பேட்டரி செத்தாலும், தண்டவாளம் உடைந்து மின்சாரம் நின்றாலும் அதே சிவப்புதான். பொம்மையில் ஒயர் அறுந்தால் கேட் கீப்பர் தூங்கிவிடுவார், அவ்வளவுதான். நிஜத்தில் ஒயர் அறுந்தால் ரயில் நிற்க வேண்டும்.

யார் யாருக்கு உத்தரவு?

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பொம்மையில் ரயில் கேட்டுக்கு உத்தரவு போடுகிறது. நம் ஊரில் இன்டர்லாக்கிங் செய்த கேட்டில் கேட்தான் ரயிலுக்கு உத்தரவு போடுகிறது. கேட்டை மூடிப் பூட்டினால்தான் சிக்னல் பச்சைக்கு மாறும். கேட் திறந்திருந்தால் சிவப்பு.

இந்த இணைப்பு இல்லாத கேட்டில் எல்லாம் ஒரு போன் அழைப்பையும் ஒரு மனிதரையும் நம்பியே இருக்கிறது. கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட்.

ஒயர் இருந்தும் தவறாக இணைத்தால்? சென்னைக்கு வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் எண்ணூர், திருவொற்றியூர் வழியாகத்தான் சென்ட்ரலை அடையும். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாகாநாகா பஜாரில் அந்த வண்டிக்கு நேர்ப்பாதைக்கான பச்சை சிக்னல் கிடைத்தது. ஆனால் பாதை பக்கத்துத் தடத்துக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதி 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிக்னல் மின்சுற்றை முன்பு மாற்றியபோது நடந்த தவறும், ஒரு லெவல் கிராசிங்கின் மின்சாரத் தடுப்பை மாற்றும் வேலையில் நடந்த தவறும்தான் காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. ஒரு கேட்டுக்கான ஒயர் வேலை!

பொம்மை ரயிலில் ஒயரை மாற்றிக் கொடுத்தால் சிரித்துவிட்டுக் கழற்றி மாட்டலாம். நிஜப் பாதையில் மாற்றிய ஒவ்வொரு ஒயரையும் முழுமையாகச் சோதித்த பிறகே ரயிலை விட வேண்டும். அடுத்த முறை கேட்டில் பத்து நிமிடம் நிற்க நேர்ந்தால், அந்தக் கேட் பூட்டியிருப்பதால்தான் அங்கே பச்சை விளக்கு எரிகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே. குனிந்து நுழைந்து போக வேண்டாம்!