கடலூர்–சிதம்பரம் கரை: காலநிலையும் புவியியலும்

சிதம்பரம் வட அட்சம் 11.4 டிகிரியில் இருக்கிறது. அதே கோட்டில் மேற்கே போனால் உதகமண்டலம். இன்னும் மேற்கே, சற்றுத் தெற்கே இறங்கினால் கோழிக்கோடு. மூன்று ஊர்களிலும் ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி ஒருமுறையும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. ஆனாலும் மே மாதம் சிதம்பரத்தில் கத்திரி வெயில் காயும்போது உதகையில் கம்பளி தேவைப்படுகிறது. ஜூலையில் கோழிக்கோடு மழையில் நனைய, கடலூரில் மணல் சுடுகிறது. வெப்பமண்டலம் என்று பெயர் கொடுப்பதோடு அட்சக்கோட்டின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

உதகையின் குளிருக்குக் காரணம் உயரம். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

கடலூருக்கும் கோழிக்கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு உதகை இருக்கும் அதே மலைத்தொடர்தான் காரணம், ஆனால் வேறு விதத்தில். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, குளிர்ந்து, ஈரத்தில் பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது அது சூடேறிய வறண்ட காற்று. பழந்தமிழில் மேல்காற்றுக்குக் கோடை என்று பெயர். வெயில் காலத்துக்கும் அதே பெயர். மழைமறைவு என்ற பாடநூல் சொல்லைவிட இது துல்லியமானது என்றே தோன்றுகிறது. இந்த மாதங்களில் மழை அறவே இல்லை என்பதும் சரியல்ல. மாலையில் கடற்காற்றும் மேல்காற்றும் முட்டும் இடத்தில் இடிமழை பெய்யும். மேல்காற்று பலமாக வீசும் நாளில் கடற்காற்று உள்ளே நுழையப் பிற்பகலாகிவிடும். அன்றுதான் கரையோர ஊர்களும் உள்நாட்டு விருத்தாசலம்போல் கொதிக்கும்.

கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 1,200 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வங்கக்கடலைக் கடந்து வரும்போது, ஏறத்தாழ வடக்குத் தெற்காக நீளும் இந்தக் கரை அதற்கு முகம் கொடுத்து நிற்கிறது. மத்திய வியட்நாமின் கிழக்குக் கரையும் இதே காரணத்தால் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் அதிகம் நனைகிறது. கடல் பக்கத்தில் இருந்தாலே மழை வந்துவிடாது. ஏறத்தாழ இதே அட்சத்தில், கரையிலேயே இருக்கும் ஆப்பிரிக்க நகரம் ஜிபூட்டி ஆண்டுக்கு 200 மி.மீ. கூடக் காண்பதில்லை.

மழையைக் கொண்டுவரும் அதே கடல் புயலையும் அனுப்புகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிப் புவிச்சுழற்சியின் விசை போதாததால் அங்கே புயல் சுழல்வது அரிது. கடலூர்க் கரை அந்தக் காப்புக்கு வெளியே இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. புயலாக வலுக்க வேண்டியதும் இல்லை. 2015 நவம்பரில் ஓர் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமே நெய்வேலியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. கொட்டியது.

தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் இந்தத் தாழ்ந்த சமவெளி வழியாகவே கடல் சேர்கின்றன. வடிகால் மாவட்டம் என்ற பெயர் அதனால் வந்தது. மலை தடுத்த மழையில் ஒரு பங்கும் இவ்வழியே வருகிறது. ஆடி மாதம் வானம் வெளுத்துக் கிடக்கும்போது கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வரும் தண்ணீர், குடகில் பெய்த தென்மேற்குப் பருவமழை.