பதினேழு வயதும் விரைவுப் பட்டமும்: மருந்தாளுநர் கல்வியில் எதைக் குறைக்கலாம்?

2024 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு விரைவுப் பட்டத்துக்கான நடைமுறை விதிகளுக்கு ஒப்புதல் அளித்தது. முதல் ஓரிரு பருவங்களில் மாணவர் எப்படிப் படிக்கிறார் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது, இடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகாதிருப்பது, நான்காண்டுப் பட்டத்தை ஆறு அல்லது ஏழு பருவங்களில் முடிக்க விடுவது என்பன அதன் சாரம். மருந்தியல் படிப்பு இதற்கு நேரடியாக உட்பட்டதன்று. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி அது இந்திய மருந்தியல் கவுன்சிலின் ஆளுகையில் இருக்கிறது. ஆனால் மற்றப் பட்டப் படிப்புகளுக்குத் திறந்த கதவை மருந்தியலுக்கு மட்டும் ஏன் மூடிவைக்க வேண்டும் என்ற கேள்வி எழாமல் இராது. பிளஸ் டூ முடித்து நேரே வரும் பதினேழு வயது மாணவருக்கு அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த வயதில் அறிவு போதாது என்பது காரணமன்று. அவசரத்தில் முதலில் பறிபோவது நோயாளியின் முன் நின்று பெறும் அனுபவம்; அதுவே அவரிடம் சற்றும் இல்லாதது என்பதுதான் காரணம்.

நம் விதிகளையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். மருந்தியல் டிப்ளமோவான டி.பார்ம் இரண்டாண்டுப் படிப்பு. 1991ஆம் ஆண்டு விதிமுறைகள் அதன் முடிவில் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியைக் கேட்டன. அதில் குறைந்தது 250 மணி நேரம் மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பதிலேயே கழிய வேண்டும். நான்காண்டுப் பட்டப் படிப்பான பி.பார்மிலோ ஆறாம் பருவத்துக்குப் பின் நான்கு வாரங்களில் 150 மணி நேரம்தான் வெளிப்பயிற்சி. அதையும் மருந்து உற்பத்தி நிறுவனத்திலேயே முடித்துவிட முடியும். ஆக, நீளமான படிப்பு நோயாளியிடம் குறைவாகவும், குட்டையான படிப்பு அதிகமாகவும் கொண்டுபோய் நிறுத்துகிறது. இரண்டையும் முடித்தவர்கள் ஒரே பதிவேட்டில் பதிவுசெய்து, ஒரே சட்டத்தின் கீழ், ஒரே மருந்தகக் கவுண்டரில் நிற்கிறார்கள். ஆண்டுக்கணக்கை வைத்துத் தகுதியை அளப்பது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. விரைவுப் படிப்பை ஆதரிப்போருக்கும் இது பிடித்தமான சான்றாகவே இருக்கும். ஆனால் பருவங்களைக் குறைத்தால் சேரும் கூடுதல் தாள்களை எங்கே நுழைப்பது? விடுமுறையில்தான். அந்த 150 மணி நேரம் ஒதுங்கியிருப்பதும் அதே விடுமுறையில்தான்.

கவுண்டரில் கற்பது என்ன என்று கேட்பவர்கள் கள்ளக்குறிச்சியைப் பார்க்கலாம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, முறிவு மருந்தான ஃபோமிபிசோலும் வயிற்றுப்புண்ணுக்கான ஓமிப்ரசோலும் அரசியல் சர்ச்சையிலேயே குழம்பிப்போயின. மேடையில் அது ஒருநாள் வாய்ச்சண்டை. மருந்து அலமாரியின் முன்னே உயிர்ப் பிரச்சினை. ஒலியொத்த பெயர்களைப் பாடநூலில் பட்டியலாகப் படிக்கலாம்தான். கூட்டம் நெருக்கும் மாலையில் கிறுக்கலான சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “இது யாருக்கு, என்ன தொந்தரவு?” என்று கேட்கத் தோன்றுவது வேறு. அதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் அந்தக் கேள்வி இன்னும் நீளும். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்து மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில் பலர் கூலிவேலைக்காக வெளி மாநிலங்களுக்குப் போகிறவர்கள். ஒரு மாத மாத்திரையை வாங்குபவர் பத்தாம் நாள் எங்கே இருப்பார், தீர்ந்தால் எங்கே வாங்குவார், எழுதியிருப்பதை வாசிக்க வீட்டில் யார் இருக்கிறார் என்பதையெல்லாம் அறியாமல் கொடுக்கும் மருந்து பாதி மருந்துதான். இந்தப் பழக்கம் பிழை திருத்தும் மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் நின்று, அடுத்தடுத்து வரும் முகங்களைப் பார்த்துத்தான் படியும். ஆறு பருவமோ எட்டுப் பருவமோ, அதற்கென நேரம் ஒதுக்காத பாடத்திட்டத்தில் அது வராது.

அமெரிக்காவில் மருந்தியலின் தொழில்முறை முனைவர் பட்டமான பார்ம்.டியை மூன்றாண்டில் முடிக்கிறார்களே என்பது வழக்கமாக எழும் மறுப்பு. உண்மைதான், கலிபோர்னியாவின் பசிபிக் பல்கலைக்கழகம் நெடுங்காலமாக அப்படித்தான் நடத்துகிறது. ஆனால் அங்கே நுழைபவர் ஏற்கெனவே கல்லூரியில் அடிப்படை அறிவியல் படித்து வந்தவர். கோடை விடுமுறையைத்தான் இழக்கிறாரே தவிர, பயிற்சியை இழப்பதில்லை. தொடக்கநிலைப் பயிற்சி 300 மணி, இறுதிநிலைப் பயிற்சி 1440 மணி என்ற அங்கீகார வரம்பு மூன்றாண்டுக்காரருக்கும் நான்காண்டுக்காரருக்கும் ஒன்றே. அந்த 1740 மணியில் கைவைக்காமல் ஆண்டைக் குறைப்பதும், 150 மணியை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டைக் குறைப்பதும் ஒன்றாகிவிடுமா? நம் நாட்டிலும் குறுக்குவழிகள் இல்லாமல் இல்லை. டி.பார்ம் முடித்தவர் பி.பார்மில் நேரே இரண்டாமாண்டில் சேர்கிறார். ஆறாண்டுப் பார்ம்.டியை பி.பார்ம் பட்டதாரி மூன்றாண்டில் முடிக்கிறார்; அவருக்கும் கடைசி ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி தள்ளுபடி இல்லை. முன்பே கற்றதற்குத்தான் கழிவு, மதிப்பெண்ணுக்கன்று என்ற நெறி ஏற்கெனவே இங்கே இருக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு வறுமை. உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வரும் மலைக்கிராமத்துப் பெண்ணுக்கு ஓராண்டு மிச்சம் என்பது ஓராண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் மிச்சம், ஓராண்டுச் சம்பளம் வரவு. அதைப் படித்தவர்களின் பொறுமைப் பேச்சால் தள்ளிவிட முடியாது. ஆனால் விரைவுப் பட்டம் அவர் கைக்கு எட்டுமா? தேர்வு நடப்பது முதல் ஓரிரு பருவ மதிப்பெண்ணை வைத்து. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டும் மாணவர் சறுக்குவதும் அதே பருவங்களில்தான். பத்து விழுக்காட்டு இடம் நகரத்து ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். அவருக்கு உதவுவது வேறு வழி: டி.பார்ம் முடித்துப் பதிவுசெய்து, மருந்தகத்தில் சம்பாதித்துக்கொண்டே காத்திருந்து, பிறகு மூன்றாண்டில் பி.பார்ம். மொத்த ஆண்டுகள் கூடலாம். ஆனால் வருமானம் தொடங்குவது விரைவுப் பட்டத்தைவிட முந்தி. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் டி.பார்ம், பி.பார்ம் இரண்டையும் ஏற்கின்றன.

மிகத் திறமையான மாணவரை ஏன் கட்டிப்போட வேண்டும் என்பார்கள். கட்ட வேண்டாம், அவருக்கு ஆய்வகத்தைத் திறந்துவிடலாம், கூடுதல் பாடம் தரலாம். பதிவுச் சான்றிதழை மட்டும் முன்கூட்டித் தர வேண்டாம். விரைவுப் பாதை வேண்டுமென்றால் அதைப் பல ஆண்டு கவுண்டரில் நின்ற டிப்ளமோக்காரருக்குத் திறக்கட்டும். அவருடைய மூன்றாண்டைக்கூட இன்னும் சுருக்கலாம். பிளஸ் டூவிலிருந்து வருபவருக்குச் செய்ய வேண்டியது நேர் எதிரானது: பி.பார்மின் 150 மணியை டி.பார்மின் 500க்கு உயர்த்தி, அதில் பாதியையாவது மருந்து கொடுக்கும் இடத்திலேயே கழிக்க வைக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் அதற்குச் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மலைமேல் கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. மருந்தியல் கவுன்சில் விரைவுப் பட்டத்தைப் பற்றி யோசிக்கும் முன் இந்தத் திருத்தத்தைச் செய்ய வேண்டும்.