திருநந்தவனத் தொண்டும் தலமரத்தின் அடிமண்ணும்

சிவாலயங்கட்கு மூர்த்தி, தலம், தீர்த்தம் என்பவற்றோடு தலவிருட்சமும் தனிச்சிறப்புத் தருவதாகும். மரத்தைப் போற்றுவார் அதனைத் தாங்கும் மண்ணையும் பேணுதல் கடன்.

சோழர் காலக் கல்வெட்டுக்கள் பலவற்றில் திருநந்தவனத்திற்கும், அங்குத் தொண்டு செய்வார் சீவனத்திற்கும் நிலம் விடப்பெற்ற செய்தி காணப்படுகின்றது. அந்நிலம் திருநந்தவனப்புறம் எனப்பட்டது.

இத்தொண்டின் பெருமைக்குத் திருப்புகலூர் தக்கதோர் சான்று. புன்னையைத் தலமரமாகவுடைய அத்தலத்தில் முருக நாயனார் வைகறையில் மலர் கொய்து, மாலை தொடுத்துச் சாத்தி வழிபட்டார். 7ஆம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசு சுவாமிகள் தம் இறுதி நாள்களில் அங்கே உழவாரத் திருப்பணி புரிந்தார். உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் பொலியுமாறு இறைவன் அருள, அவற்றைப் பருக்கைக் கல்லோடு ஒப்ப மதித்து வாவியில் எறிந்தார் என்பது சேக்கிழார் பெருமான் உரைத்த வரலாறு.

உழவாரம் புல்லைச் செதுக்கும் கருவி. ஆழத் தோண்டும் மண்வெட்டியன்று. முதுமரத்தடிக்கு வேண்டுவதும் அம்மேலோட்டமான செதுக்கலே. மரம் உணவு கொள்ளும் வேர்களிற் பெரும்பாலன 1½ அடி ஆழத்திற்குள்ளேயே பரந்து கிடப்பன. ஆழக் கொத்தினால் அவை அறுபடும். மண்ணை மிகக் குவித்தால் காற்றின்றி நலியும். ஆகலின் களைகளை மட்டும் செதுக்கி நீக்குக. பெருவேர்களுக்கு இடையே, நாற்றின் வேர் கொள்ளுமளவு சிறு குழிகள் எடுத்து, மட்கிய சருகும் பழஞ்சாணமும் கலந்து நிரப்புக. வேர் தட்டுப்படின் அதனை வெட்டாது குழியை இடம் மாற்றுக. சித்தரத்தை, மஞ்சள் முதலியவற்றை நிழலிலும், நந்தியாவட்டையை நிழலோரத்திலும் நடலாம். மேலே 2 அங்குலம் இலைமட்கு பரப்பி, அஃது அடிமரத்தைத் தொடாவண்ணம் ஒரு சாண் விலக்குக. மழைத் தொடக்கத்தில் நடுவது நலம். நீருக்காக மரவேரோடு போட்டியிட வேண்டியிருத்தலின், முதலாண்டு முழுதும் இளஞ்செடிக்குத் தவறாது நீர் வார்த்தல் வேண்டும்.

இந்நாளிற் சில திருக்கோயில்களில், திருப்பணி என்ற பெயரால் அடிமரம் வரையிற் சிமெண்டுத் தளம் பரப்பிவிடுகின்றனர். மழைநீரும் காற்றும் புகாமையின் பல தலைமுறை கண்ட மரமும் மெல்ல வாடுகின்றது. திருப்பணிச் செல்வர்கள் மரநிழல் படருமளவேனும் மண்ணைத் திறந்து விடுவார்களாக. உதிரும் சருகு சுவாமி திருமேனியில் விழலாகாது. மரத்தின் அடிக்கோ அதுவே உணவு.

பொன்னை வாவியிலிட்டு, மண்ணைத் திருத்தினார் அப்பர் பெருமான். நாம் பொன் செலவிட்டு அம்மண்ணை மூடுதல் தகுமோ?

திருச்சிற்றம்பலம்.