நடுவரும் ஆள்பவரும்

நற்செய்தி நூல்கள் நமக்குக் காட்டும் பிலாத்து, ஒரே நேரத்தில் பல பொறுப்புகளைத் தாங்கியிருந்தவன். யூதேயாவின் ஆளுநன் அவனே. படைக்கும் வரி வருவாய்க்கும் பொறுப்பாளனும் அவனே. மரண தண்டனை விதிக்கும் நடுவனும் அவனே. ஊரில் கலகம் எழக்கூடாதே என்னும் ஆள்பவனின் கவலை, குற்றமற்றவரை விடுவிக்க வேண்டும் என்னும் நடுவனின் கடமையை வென்றுவிட்டது. புனித வெள்ளிதோறும் பாடுகளின் வரலாற்றைக் கேட்கும் நாம், பிலாத்தின் கோழைத்தனத்தைக் குறைகூறி அமைந்துவிடுகிறோம். அவன் அமர்ந்திருந்த இருக்கையின் அமைப்பிலேயே இருந்த குறையை எண்ணிப் பார்ப்பதில்லை. அக்குறை நம் தமிழ் மண்ணிலும் நெடுங்காலம் நிலவிற்று.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், வங்காளத்தில் காரன்வாலிஸ் பிரபு 1793-இல் வரி தண்டும் கலெக்டரிடமிருந்து நீதி வழங்கும் பொறுப்பைப் பிரித்தார். அம்முறையே 1802-இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. மாவட்டந்தோறும் ஜில்லா நீதிமன்றங்கள் ஏற்பட்டன. அவற்றுக்கு மேலே உரிமை வழக்குகளுக்குச் சதர் அதாலத்தும், குற்ற வழக்குகளுக்குப் பௌஜ்தாரி அதாலத்தும் இருந்தன. ஆனால் தாமஸ் மன்றோ இவ்வேற்பாட்டை விரும்பவில்லை. மக்களோடு பழகி அவர்தம் வழக்காறுகளை அறிந்தவர் கலெக்டரே என்பது அவர் எண்ணம். அவரது முயற்சியால் 1816-இல் கிராம முன்சீப்புகளும் மாவட்ட முன்சீப்புகளும் வலிமை பெற்றனர். எளிய மக்களின் சிறு வழக்குகள் ஊருக்கு அருகிலேயே, ஊரார் மொழியிலேயே தீர இது வழிவகுத்தது. எனினும் அதே ஆண்டில் மாஜிஸ்திரேட் பதவியும் காவல்துறை மேற்பார்வையும் கலெக்டரின் கைக்குப் போயின. வரி கேட்பவரும், பிடித்துவரச் செய்பவரும், விசாரிப்பவரும் ஒருவரே ஆயினர். நன்மையும் தீமையும் ஒரே சீர்திருத்தத்தில் பிணைந்து வந்தன.

1862-இல் சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியபோது பழைய அதாலத்துகளும் அரசரின் உச்ச நீதிமன்றமும் மறைந்து ஒன்றாயின. மாவட்ட மாஜிஸ்திரேட் முறையோ மறையவில்லை. நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று நம் அரசமைப்பின் 50-ஆம் பிரிவு பணித்தது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1 அன்று நடப்புக்கு வந்தபோதுதான், நாடெங்கும் குற்றத்தை விசாரிக்கும் நடுவர்கள் உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வைக்குள் முழுமையாக வந்தனர். அமைதி காக்கும் தடையாணைகள் போன்றவை மட்டும் ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர் ஆகியோரிடம் நின்றன. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமும் இப்பிரிவினையைக் காத்துள்ளது.

இன்று நம் முன் இரு படிக்கட்டுகள் உள்ளன. நிலம், பாகப்பிரிவினை, கடன் ஆகிய உரிமையியல் வழக்குகள் மாவட்ட முன்சீப், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் என்று சொத்தின் மதிப்புக்கேற்பத் தொடங்கும். திருட்டு, அடிதடி, கொலை ஆகிய குற்ற வழக்குகள் நீதித்துறை நடுவரிடம் தொடங்கும். கொடிய குற்றங்களை அமர்வு நீதிமன்றம் விசாரிக்கும். மாவட்டத் தலைநகரில் இவ்விரு படிகளிலும் பெரும்பாலும் ஒரே நீதிபதியே அமர்வார். ஆனால் அவர் கையிலுள்ள தராசு மாறும். முன்னதில் எத்தரப்பின் சான்று கனமானது என்று பார்ப்பார். பின்னதில் நியாயமான ஐயம் எஞ்சினால் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவிப்பார். அமர்வு நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனை, உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேறாது. உரோமைக் குடிமகனாகிய புனித பவுல் சீசரிடம் முறையிட்ட உரிமை, இன்று ஏழைக் கூலித் தொழிலாளிக்கும் உண்டு. தென்மாவட்டத்தார் அதற்காகச் சென்னைக்கு அலையாதபடி 2004-இல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையும் திறக்கப்பட்டது.

படிக்கட்டு இருப்பது வேறு. ஏறி முடிப்பது வேறு. தண்டனைக் காலத்திற்கும் மேலாக விசாரணையின்றிப் பீகார் சிறைகளில் கிடந்தவர்களின் வழக்கில், விரைந்த விசாரணை உயிர்வாழும் உரிமையின் ஒரு கூறு என்று உச்ச நீதிமன்றம் 1979-இல் உரைத்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சொல் முழுமையாகச் செயலாகவில்லை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி, ஜார்க்கண்டில் ஆதிவாசி விசாரணைக் கைதிகளுக்காக வழக்காடியவர். 2020 அக்டோபரில் தாமே கைதானார். சிறப்பு நீதிமன்றம் பிணை மறுத்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பிணை மனு நிலுவையில் இருக்க, வழக்கு விசாரணை தொடங்கும் முன்னரே, 2021 ஜூலை 5 அன்று தம் 84-ஆம் வயதில் இறந்தார். நடுவர் ஆள்பவரிடமிருந்து பிரிந்தபின்னும், காலத்தாழ்வே தண்டனையாகிவிட முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

சிறையிலிருப்போரைக் காண வருவதைத் தம்மையே காண வருவதாக ஏற்றுக்கொண்டார் நம் ஆண்டவர். அவ்வருகை பழமும் ரொட்டியும் கொடுப்பதோடு நின்றுவிடலாகாது. முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்ட விசாரணைக் கைதி, அக்குற்றத்திற்குரிய உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் விடுதலை கோரலாம் என்கிறது புதிய சட்டம். மரணம் அல்லது வாழ்நாள் சிறைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளோர்க்கும் இச்சலுகை இல்லை. காவலில் இருப்போர், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எதுவாயினும் இலவச வழக்குரைஞரைப் பெறும் உரிமை உண்டு. வட்டச் சட்டப்பணிகள் குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். இதனை அறியாமலேயே நம் பங்கு மக்கள் பலர் நகையையும் நிலத்தையும் அடகு வைக்கின்றனர். நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞரும் இச்செய்திகளைக் கற்று, வழக்கில் சிக்கிய குடும்பங்களோடு அக்குழுவின் வாயில்வரை உடன் நடக்கட்டும். பிலாத்தின் முற்றத்தில் நம் ஆண்டவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. நம் ஊர் நீதிமன்றங்களில் அந்நிலை எவருக்கும் நேரவேண்டியதில்லை.