பருத்தி வாங்க வந்தவர்கள்

ஒசாகாவில் 1920-இல் தனி நிறுவனமாக எழுந்த ஒரு வணிகக் கம்பெனியின் பெயர் தோயோ மென்கா. தோயோ என்றால் கீழைத்தேசம். மென்கா என்றால் பருத்தி. சரக்கையே பெயராக வைத்துக்கொண்ட கம்பெனி. பஞ்சிலும் நூலிலும் பனியனிலும் பிழைக்கும் திருப்பூரின் இந்த மலரில் அதற்கு இரண்டு பக்கம் கேட்பது தப்பாகாது.

அதன் வேர் 1876-இல் பிறந்த மிட்சுய் புஸ்ஸானில் இருக்கிறது. மிட்சுய் 1893-இல் பம்பாயில் கடை திறந்தது. அதன் பருத்திப் பிரிவு பிரிந்து வந்ததே தோயோ மென்கா. பம்பாய்க்கு ஏன் வந்தார்கள்? ஒசாகாவில் நூற்பாலைகள் பெருகின, உள்ளூர்ப் பஞ்சு போதவில்லை. 1889-இலேயே ஒரு குழு இந்தியா வந்து நம் பருத்தியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. குட்டை இழை என்று இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் முகம் சுளித்த பஞ்சு அது. ஜப்பான்காரர்கள் சுளிக்கவில்லை. அமெரிக்கப் பஞ்சோடும் சீனப் பஞ்சோடும் கலந்து, விலை குறைந்த நூலை எடுத்தார்கள். நம் மில்களில் இன்று ‘மிக்சிங்’ என்கிறோமே, அதுதான் அவர்களுடைய லாபம் இருந்த இடம்.

தடை கடலில் இருந்தது. பி அண்ட் ஓ முதலிய ஐரோப்பியக் கப்பல் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து டன்னுக்கு 17 ரூபாய் கட்டணம் வைத்திருந்தன. ஜம்சேட்ஜி டாட்டா 1893-இல் ஜப்பானுக்கே போய் நிப்பான் யூசென் கைஷா என்ற கப்பல் கம்பெனியோடு பேசி முடித்தார். அந்த நவம்பரில் கோபேயிலிருந்து பம்பாய்க்கு ஹிரோஷிமா மாரு என்ற கப்பல் புறப்பட்டது. எதிராளிகள் கட்டணத்தை 2 ரூபாய்க்கும் கீழே இறக்கிப் பார்த்தார்கள். மலிவைக் கண்டு ஓடாமல், எங்கள் பஞ்சு இந்தக் கப்பலில்தான் வரும் என்று ஒப்பந்தம் போட்டு நின்றது ஜப்பான் நூற்பாலைகளின் சங்கம். கட்டணச் சண்டையில் டாட்டாவின் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறோம். ஜெயித்தது அந்தச் சங்கத்தின் பிடிவாதம் என்பேன்.

தோயோ மென்கா, நிஹான் மென்கா, கோஷோ ஆகிய மூன்றும் ஜப்பானின் பெரிய பருத்தி வணிகர்கள். பம்பாயில் உட்கார்ந்து தரகரிடம் வாங்குவதோடு அவர்கள் நிற்கவில்லை. உள்ளூர்ச் சந்தைகளுக்கே ஆள் அனுப்பி, விளையும் இடத்திலேயே வாங்கினார்கள். பஞ்சைக் கப்பலேற்றி ஆலைக்குக் கடனில் கொடுப்பது, விலை ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது, அந்த ஆலையின் துணியை வாங்கி மறுபடி இந்தியாவில் விற்பது என எல்லாம் ஒரே கணக்குப் புத்தகத்தில் நடந்தது. போகும் கப்பலில் பஞ்சு, வரும் கப்பலில் துணி. ஷோஷா என்று ஜப்பானியர் சொல்லும் வணிக நிறுவனத்தின் சூட்சுமம் இதுதான்.

1930-களில் இந்தச் சூட்சுமமே சண்டையானது. ஜப்பான் துணியும் பனியனும் இந்தியச் சந்தையில் மலிவாகக் குவிந்தன. 1925-இல் முதல் பனியன் கம்பெனி கண்ட திருப்பூர், அப்போது இந்தத் தொழிலில் தவழும் குழந்தை. 1933 ஜூனில் இந்திய அரசு, பிரிட்டிஷ் அல்லாத பருத்தித் துணிக்கு 75 சதவீதம் வரி போட்டது. இந்தியப் பஞ்சே வேண்டாம் என்றார்கள் ஜப்பான் ஆலைக்காரர்கள். துணிக்காரனுக்குப் போட்ட வரி பருத்தி விவசாயியின் வயிற்றில் விழுந்தது. 1934-இல் உடன்பாடு வந்தது: ஜப்பான் 10 லட்சம் பேல் பஞ்சு வாங்கினால் 32.5 கோடி கெஜம் துணி அனுப்பலாம். இரண்டு நாடுகளின் வணிகத்தைத் தராசின் இரண்டு தட்டுகளில் வைத்து எழுதிய ஒப்பந்தம்.

1941-இல் ஜப்பான் உலகப் போரில் இறங்கியதோடு பம்பாய்க் கடைகள் மூடின. போருக்குப் பின் மிட்சுய் 1947-இல் கலைக்கப்பட்டது. தோயோ மென்கா பிழைத்தது. 1970-இல் தோமென் என்று பெயர் மாறி, 2006-இல் டொயோட்டா சூஷோவில் கலந்தது. நிஹான் மென்கா இன்றைய சோஜிட்ஸுக்குள் இருக்கிறது; கோஷோ கனேமட்சுவுக்குள்.

நம் ஊருக்கு ஜப்பான் இன்று தையல் மெஷினாகத்தான் அறிமுகம். யமாட்டோ, பெகாசஸ், ஜூக்கி என்று ஓவர்லாக் அடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். 2011 ஆகஸ்ட் முதல் பொருளாதார ஒப்பந்தத்தால் நம் ஆடை அங்கே வரியில்லாமல் இறங்குகிறது. ஆனாலும் ஆர்டர் பெரிதும் பையர் வழியாக, பையிங் ஹவுஸ் வழியாகத்தான் வருகிறது. நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல் என ஆயிரக்கணக்கில் கம்பெனிகளைப் பெற்ற ஊர், தனக்கென ஒரு ஷோஷாவைப் பெறவில்லை. இதைக் குறையாகவே சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பான் கம்பெனிகள் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைக்கும். ஷாஷி என்று அந்த வகை நூலுக்குத் தனிப் பெயரே உண்டு. தோயோ மென்கா தன் நாற்பதாண்டு வரலாற்றைப் புத்தகமாக்கியது. அதனால்தான் அதன் கதையை நாம் பேச முடிகிறது. இதை வாசிக்கும் பழைய பனியன் கம்பெனிக் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: பரணில் கிடக்கும் சிட்டையையும் பேரேட்டையும் பழைய பேப்பர்க்காரரிடம் எடை போடுவதற்கு முன், இந்த மலர்க் குழுவிடம் ஒருமுறை காட்டுங்கள்.