மருதையாற்றுப் பாலமும் சுண்ணாம்புக்கல் லாரியும்

போன மாசம் ஒரு காதுகுத்துக்காக பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு பத்துச் சக்கர டிப்பர். நிறைய சுண்ணாம்புக்கல், மேலே பேருக்கு ஒரு கிழிந்த தார்ப்பாய். ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கிச்சு பாருங்க, முஷ்டி அளவு கல் ஒண்ணு உருண்டு விழுந்து, ரோட்டில் எகிறி, என் ஹேண்டில்பாருக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்துது. கை கால் வெலவெலத்துப் போச்சு. அடுத்த டீக்கடையில் நிறுத்திட்டேன். அந்த டிப்பரும் அங்கேதான் நின்னுச்சு.

சண்டை போடணும்னுதான் போனேன். டிரைவருக்கு அம்பது வயசு இருக்கும். "அண்ணே, இவ்வளவு ஏத்தலாமா?"ன்னு கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "நானா தம்பி ஏத்துறேன்? பொக்லைன்காரன் கொட்டுறான், சூப்பர்வைசர் சரிங்கிறாரு. ஒரு பக்கெட்டு கம்மி பண்ணுங்கன்னா நாளைக்கு வண்டி வேற ஆளுக்குப் போயிடும்" என்றார். வீட்டுக்கு வந்தும் அந்த "நானா ஏத்துறேன்?" மண்டைக்குள் ஓடிக்கிட்டே இருந்தது. யார்தான் ஏத்துறது?

கொஞ்சம் பழைய கதை. கிரெட்டேசியஸ் காலத்தில் அரியலூர் கடலாக இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புதான் இந்த ஊரின் சொத்து, தலைவலி எல்லாமே. பக்கத்துக் கல்லக்குடியில் டால்மியா ஆலை வந்தது 1939-ல். அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை 1979-ல். அப்புறம் தனியார் ஆலைகள் வரிசையாக வந்து, சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடுவே லாரிகள் ஓட ஆரம்பித்தன. வேடிக்கை என்னன்னா, மோட்டார் வாகனச் சட்டம் வந்ததும் அதே 1939-ல்தான். வண்டிக்கு எடை வரம்பு, சந்தேகம் வந்தால் நிறுத்தி எடை போடும் அதிகாரம் ரெண்டும் அப்பவே அந்தச் சட்டத்தில் இருந்தது. ஆக, விதி இல்லாததால் வந்த வினை இல்லை இது.

அரியலூர்னாலே பழைய ஆட்களுக்கு ஞாபகம் வருவது 1956 நவம்பர் 23. அடைமழை, மருதையாற்றில் வெள்ளம். விடிவதற்கு முன்னால் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பாலத்தருகே ஆற்றுக்குள் விழுந்தது. செத்தவர்கள் 150 பேர் அளவில். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்துக்கே ராஜினாமா கொடுத்து, நேரு ஏற்காமல் விட்டிருந்தார். இந்தத் தடவை ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி மீது தப்பு என்பதற்காக அல்ல, ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றுதான் நேரு விளக்கம் சொன்னார். (அரியலூர் தனி மாவட்டமாக மறுபடி பிறந்ததும் ஒரு நவம்பர் 23-ல்தான், 2007-ல். தற்செயலா தெரிஞ்சேவான்னு எனக்குத் தெரியாது!)

இஞ்சினைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு ஆள், டெல்லியில் உட்கார்ந்துகொண்டு "நானும் பொறுப்பு" என்றார், இந்த ஊர் விபத்துக்கு. லாரி விஷயத்தில் அப்படி யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

லாரி மோதி ஆள் செத்தால் போலீஸ் போடும் வழக்கு, அஜாக்கிரதையால் மரணம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870-ல் சேர்த்த 304ஏ பிரிவு, அதிகபட்சம் 2 வருஷம். 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 106, அதிகபட்சம் 5 வருஷம். ரெண்டிலும் கூண்டில் ஏறுவது பெரும்பாலும் டிரைவர்தான். குடும்பத்துக்கு நஷ்டஈடு தருவதற்கான தீர்ப்பாயம் 1956-ல் கொண்டுவந்த திருத்தத்தில் வந்தது (ஆமாம், அதே வருஷம்). அதில் பணம் கட்டுவது வழக்கமா இன்சூரன்ஸ் கம்பெனி. லோடு ஏத்தினவர் ரெண்டு இடத்திலும் இல்லை.

ஆனா சட்டத்தை எடுத்துப் படிச்சா ஆச்சரியமா இருக்கு. 1988 சட்டத்தின் 194-வது பிரிவு ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை, ஓட்ட வைப்பவரையும் அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. 113-ல் இன்னொரு வரி: டிரைவர் உரிமையாளராக இல்லாவிட்டால், உரிமையாளருக்குத் தெரிந்தே அல்லது அவர் உத்தரவில்தான் அதிக பாரம் ஏற்றப்பட்டது என்று கோர்ட் அனுமானிக்கலாம். அபராதம் முன்பு 2,000 ரூபாயும் கூடுதல் டன்னுக்கு ஆயிரமும். 2019 செப்டம்பரிலிருந்து 20,000-மும் டன்னுக்கு 2,000-மும். முன்பெல்லாம் சில மாநிலங்கள் பணம் வாங்கிக்கொண்டு அதிக பாரத்தோடேயே போக விட்டன. அது செல்லாது, கூடுதல் பாரத்தை இறக்கித்தான் ஆகணும்னு உச்ச நீதிமன்றம் 2005 நவம்பரில் பரம்ஜித் பாசின் வழக்கில் சொல்லிவிட்டது.

2018-ல் மத்திய அரசு வரம்பையே உயர்த்தியது. பத்துச் சக்கர வண்டிக்கு மொத்த எடை 25-லிருந்து 28.5 டன். நியாயமா இதோடு பிரச்சினை குறைஞ்சிருக்கணும். எனக்கென்னவோ புது வரம்புக்கு மேல் புது கூடுதல்னு ஆயிடுச்சோன்னு தோணுது. ரோடு படும் பாடு தனி. 1958-லிருந்து 1960 வரை அமெரிக்காவில் இல்லினாயில் லாரிகளை ஓட்டிப் பார்த்துக் கண்டது: அச்சின் மேல் விழும் பாரம் இரட்டிப்பானால் சாலைக்குச் சேதம் சுமார் 16 மடங்கு. கால் பங்கு கூடினாலே ரெண்டரை மடங்கு. பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவது, டயர் வெடிப்பது, வளைவில் சாய்வது எல்லாம் இதுக்கு மேல்.

அதிக பாரத்தை நிரூபிக்கிறது கஷ்டம்னு ஒரு பேச்சு உண்டு. நான் ஒத்துக்க மாட்டேன். சுண்ணாம்புக்கல் டன் கணக்கில் விலை போகிற சரக்கு. அரசுக்கு ராயல்டியும் டன் கணக்கில்தான். அதனால் வண்டி எடைமேடையில் ஏறாமல் கணக்கே முடியாது. எந்த நாள், எந்த வண்டி, எத்தனை மணி, எத்தனை டன்... எல்லாம் சரக்கை அனுப்பினவரிடமும் வாங்கினவரிடமும் இருக்கு. விபத்து நடந்தால் டிரைவர் ரத்தத்தில் சாராயம் இருக்கான்னு பார்க்கிறோம். அந்த எடைச்சீட்டை யார் கேட்கிறார்கள்?

டீக்கடையில் கிளம்பும்போது சும்மாதான் கேட்டேன், "எத்தனை டன்ணே?" சட்டைப் பையிலிருந்து மடிச்ச சீட்டை எடுத்துக் காட்டினார். மொத்த எடை 37 டன்னு சொச்சம். அச்சடித்தது, தேதி நேரத்தோடு. கீழே டிரைவர் கையெழுத்துன்னு ஒரு கோடு. அதில் அவர் கையெழுத்து மட்டும் இருந்தது.